பெட்ரோல் முள் அசையவில்லை: மீட்டரை மாற்றுவதா, மிதவையை மாற்றுவதா?

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். டேங்க்கை நிரப்பினாலும் பெட்ரோல் முள் காலி என்ற கோட்டிலேயே நிற்கிறது. ஒரு மெக்கானிக் மீட்டர் போர்டையே மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் டேங்க்கில் உள்ள மிதவையை மாற்ற வேண்டும் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: சோதித்துப் பார்க்கும் வரை எதையும் வாங்க வேண்டாம். டேங்க்குக்குள் மிதவையின் கை ஏறி இறங்கும்போது அதனுடன் இணைந்த மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் டேஷ்போர்டில் உள்ள முள் காட்டுகிறது. ஆகவே பழுது மிதவை யூனிட்டிலோ, அதன் எர்த் இணைப்பிலோ, நடுவில் ஓடும் வயரிலோ, மீட்டரிலோ இருக்கலாம்.

முதலில் எஞ்சின் சூட்டைக் காட்டும் வெப்பமானி முள்ளைக் கவனியுங்கள். பல பழைய கார்களில் இரண்டு முட்களுக்கும் ஒரே மின்னழுத்தச் சீராக்கிதான் மின்சாரம் தருகிறது என்பதால், இரண்டும் சேர்ந்து தவறாகக் காட்டினால் அதையும் பியூஸையும் பார்த்தாலே போதுமானதாக இருக்கக்கூடும்.

பெட்ரோல் முள் மட்டும் பழுது என்றால், சாவியை ஆன் நிலையில் வைத்து, யூனிட்டிலிருந்து மீட்டருக்குச் செல்லும் வயரைக் கழற்றி முள்ளைப் பாருங்கள்; பிறகு அந்த வயரை ஒரு சிறு ரெசிஸ்டர் (மின்தடைத் துண்டு) வழியாகச் சில நொடிகள் மட்டும் காரின் உலோக பாடியில் தொடவைத்துப் பாருங்கள். முள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்ந்தால் மீட்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன. மீட்டர் போர்டு வாங்கும் செலவு உங்களுக்கு மிச்சம். நகராவிட்டால் இதே சோதனையை மீட்டரின் பின்புறத்தில் செய்யுங்கள். அங்கே நகர்ந்தால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. பெட்ரோல் வாடை சிறிதளவு வந்தாலும் இதில் இறங்காதீர்கள். ஒரு தீப்பொறி போதும், பெரும் விபத்தாகிவிடும்.

யூனிட் மீது சந்தேகம் வந்தாலும், துருப்பிடித்த எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து பார்த்த பிறகே அதைக் கழற்றுங்கள். பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் அலம்பும் ஓசை கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அது ஓட்டையாகி மூழ்கியிருக்கிறது, மிதவையை மட்டும் மாற்றலாம்.

புது யூனிட் வாங்க நேர்ந்தால், அது டேங்க்கின் துளையில் பொருந்துகிறது என்பதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அதன் மின்தடை அளவும் உங்கள் மீட்டருக்குப் பொருந்த வேண்டும். பழைய ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் இந்த மின்தடை காலிக்கு 0 ஓம், நிறைவுக்கு 90 ஓம். பழைய ஃபோர்டு கார்கள் பலவற்றிலோ காலிக்கு ஏறக்குறைய 73, நிறைவுக்கு ஏறக்குறைய 10. ஒன்றின் யூனிட்டை மற்றொன்றின் மீட்டருடன் இணைத்தால் முள் தலைகீழாகவே காட்டும். உங்கள் காரின் அளவைப் பழுதுபார்ப்புக் கையேட்டில் அறிந்துகொண்டு, கடையிலேயே மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை இணைத்து மிதவையின் கையை மெதுவாக உயர்த்துங்கள். எண் இடையில் தாவாமல் சீராக மாற வேண்டும். யூனிட்டின் மூடிக்கான புது ரப்பர் வளையத்தையும் சேர்த்தே வாங்குங்கள், பழையது மீண்டும் இறுகாமல் கசியக்கூடும்.