பதினாறு வயதில் நின்றுபோன காது

கேள்வி: ஐம்பது வருடமாகப் பாட்டுக் கேட்கிறேன். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த ராக், சோல் இசைத்தட்டுகளோடு நல்ல பாட்டு முடிந்துவிட்டது என்பது என் கட்சி. என் மகள் கேட்கும் ராப்பும் எலக்ட்ரானிக் இசையும் சுத்த இரைச்சல். அவளோ, 'எல்லா வகையையும் கேட்டுப் பாருங்கள் அப்பா' என்கிறாள். இந்த வயதில் நான் காதைக் கெடுத்துக்கொள்ள ஒரு காரணமாவது சொல்வீர்களா?

பதில்: காரணம் உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. ஐம்பது வருடமாகக் கேட்கிறேன் என்கிறீர்கள், நல்ல பாட்டு எழுபதுகளோடு சரி என்கிறீர்கள். அப்படியானால் உலகத்தில் பாட்டு தீர்ந்துபோனதும் உங்களுக்கு இருபது வயது தாண்டியதும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில்! இது உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டுகள்தான் ஆயுளுக்கும் நினைவில் தங்குகின்றன என்று உளவியலாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். முதல் காதலோடும் பரீட்சைத் தோல்வியோடும் சேர்த்துக் கேட்ட பாட்டு இனிக்கத்தான் செய்யும். அதில் தப்பே இல்லை. அதை இசை வரலாறு என்று சொல்லி எனக்கு எழுதியதுதான் தப்பு.

சரி, உங்கள் பொற்காலத்துக்கே போவோம். 1969. பீட்டில்ஸின் 'அபே ரோட்' ஆல்பம் வெளிவந்த வருடம், வுட்ஸ்டாக் ராக் இசைத் திருவிழா நடந்த வருடம். அமெரிக்காவின் பில்போர்ட் பத்திரிகை வருடக் கடைசியில் போட்ட பட்டியலில் முதலிடம் எந்தப் பாட்டுக்கு? 'சுகர், சுகர்' என்ற பாட்டுக்கு. பாடியவர்கள் ஆர்ச்சீஸ். அப்படி ஒரு குழு கார்ட்டூனில் மட்டும்தான் உண்டு. குரல் கொடுத்தது ஸ்டூடியோ பாடகர்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பம் இன்று ராக் இசையின் பெரிய மைல்கல். அன்று அதே பத்திரிகையின் பட்டியலில் 171-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. உங்கள் காலத்திலும் குப்பை மலையாகத்தான் கிடந்தது. ஐம்பது வருடம் சலித்து மிஞ்சியதை வைத்துக்கொண்டு, இன்று காலையில் இறங்கிய மூட்டையை இன்னும் பிரிக்கக்கூட இல்லை, அதற்குள் மோசம் என்கிறீர்கள்.

'வகை' என்ற சொல்லின்மேல் எனக்கும் பெரிய மரியாதை கிடையாது. பல சமயம் அது விற்கிறவர் ஒட்டிய சீட்டு. அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்காக வெளியிட்ட தட்டுகளை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனியாக ஒதுக்கி விற்றார்கள். 1949-இல் பில்போர்ட் அந்தப் பட்டியலுக்கு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று பெயர் மாற்றியது. முந்தின வாரம் பாடிய அதே ஆட்கள், அதே பாட்டுகள். பலகை மட்டும் புதிது. 1954-இல் வந்த எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பின ப்ளூஸ் கலைஞரின் பாட்டு, மறுபக்கம் பில் மன்றோ என்ற வெள்ளைக்காரரின் ப்ளூகிராஸ் பாட்டு, அதாவது அமெரிக்கக் கிராமத்து இசை. அந்தத் தட்டை எந்த வகையில் அடுக்குவீர்கள்?

ராப் விஷயத்தில் உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. 'மெட்டில்லாத பேச்சு' என்று நானும் பல வருடம் அதை ஒதுக்கி வைத்தவன்தான். நான் மெட்டைத் தேடிக்கொண்டிருந்தேன், விஷயம் தாளத்தில் இருந்தது. 1973-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் விருந்துகளுக்கு இசைத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார் கூல் ஹெர்க் என்ற இளைஞர். ஜமைக்காவில் பிறந்தவர். ஆடுகிறவர்கள் எந்த இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தார். பாடகர் ஓய்ந்து, தாளம் மட்டும் தனித்து நிற்கும் சில விநாடிகள். அந்தச் சில விநாடி போதவில்லை. ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்தட்டுக் கருவிகளில் வைத்து, இதில் முடிந்ததும் அதில், அதில் முடிந்ததும் இதில் என்று அந்த இடத்தை நிமிடக்கணக்கில் நீட்டினார். ராப்பைப் பெற்றெடுத்த ஹிப்-ஹாப் அங்கே தொடங்கியது. அவர் சுழலவிட்ட தட்டுகளில் சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனும் உண்டு. சோல் ரசிகர் என்கிறீர்கள். அவர் உங்கள் அலமாரியில் இல்லாமலா இருப்பார்?

இன்னொன்று சொல்கிறேன். 1969-இலேயே, வின்ஸ்டன்ஸ் என்ற சோல் குழு ஒரு தட்டின் பின்பக்கத்தை நிரப்ப 'ஆமென், பிரதர்' என்று ஒன்றை வாசித்தது. நடுவில் கிரிகரி கோல்மன் ஏழு விநாடி போல டிரம்ஸ் மட்டும் தனியாக அடிக்கிறார். பின்னால் வந்தவர்கள் அதை வெட்டி எடுத்து, வேகத்தைக் கூட்டி, துண்டு துண்டாக மாற்றி அடுக்கி, ஆயிரக்கணக்கான பாட்டுகளில் பயன்படுத்தினார்கள். தொண்ணூறுகளில் பிரிட்டனில் எழுந்த 'ஜங்கிள்' என்ற மின்னணு இசைக்கு அந்த ஏழு விநாடிதான் முதுகெலும்பு. கோல்மனுக்கு அதனால் ஒரு காசு வந்ததில்லை, 2006-இல் இறந்துபோனார். உங்கள் மகளின் அறையிலிருந்து கிளம்பும் அந்த 'சுத்த இரைச்சல்' உங்கள் 1969-ஆகவே இருக்கலாம். கதவைத் தட்டிக் கேட்டுப் பாருங்கள்.

மகளின் யோசனையும் எனக்கு முழுக்கப் பிடிக்கவில்லை. எல்லா வகையிலும் ஒவ்வொன்று என்று நுனிப்புல் மேய்ந்தால் ஒரு மாதத்தில் சலித்துவிடும். செயலியின் பரிந்துரையை நம்பினால் இன்னும் மோசம். நேற்றுக் கேட்டதற்கு ஒன்றுவிட்ட தம்பியைத்தான் அது இன்று கொண்டுவந்து நிறுத்தும். நீங்கள் ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு போங்கள். பாடகர் வேண்டாம், பின்னால் நிற்கிறவர். மோடவுன் என்ற அமெரிக்க சோல் இசைத்தட்டு நிறுவனத்தின் அறுபதுகளின் பாட்டுகளில் பேஸ் கிடார் என்ற கீழ்ஸ்தாயிக் கிடாரை வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனிடமிருந்து தொடங்கலாம். தட்டுக்குத் தட்டு அவர் விரல் இருந்தது, பெயர் இல்லை. 1971-இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் அச்சேறியது. உங்களுக்கு மனப்பாடமான ஒரு மோடவுன் பாட்டைப் போட்டு, பாடகரை விட்டுவிட்டு ஜேமர்சனை மட்டும் தொடருங்கள். அடியில் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருப்பது கேட்கும். அதில் காது பழகியதும் எழுபதுகளின் ஜமைக்காவுக்கு வாருங்கள். கிங் டப்பி என்ற ஒலிப்பொறியாளர், பதிவான பாட்டிலிருந்து பாடகரைப் பாதியில் காணாமல் போகவைத்து, பேஸையும் டிரம்ஸையும் முன்னால் இழுத்துவிட்டு எதிரொலியில் மிதக்கவிட்டார். அதற்கு 'டப்' என்று பெயர். கலக்கும் கருவியையே வாத்தியமாக வாசித்த மனிதர். அங்கிருந்து இன்றைய எலக்ட்ரானிக் இசைக்கு அதிக தூரமில்லை.

ஒன்று மட்டும்: எந்தப் பாட்டுக்கும் முதல் தடவையிலேயே தீர்ப்பெழுதி மூடிவிடாதீர்கள். பரிச்சயம் கூடினாலே பிடித்தமும் கூடுகிறது என்று ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் காட்டிவிட்டார். முப்பது தடவை கேட்டாலும் தேறாத பாட்டுகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. நீங்கள் மூன்று தடவை கேளுங்கள், போதும். அப்புறமும் இரைச்சலாகவே இருந்தால் என்னைத் திட்டி எழுதுங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறேன்.