பெண்ணுரிமையும் அரசியலமைப்பும்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞரின் பதில்கள்

கேள்வி: அரசுப் பேருந்தில் பெண்களுக்கு மட்டும் கட்டணமில்லாப் பயணம் தருவது சமத்துவத்துக்கு முரணாகாதா? (வாசகர், சேலம்)

பதில்: ஆகாது. பாலின அடிப்படையில் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிற அரசியலமைப்பின் 15ஆவது உறுப்பே, தன் மூன்றாம் கூறில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடுகள் செய்வதற்கு இடம் தருகிறது. ஆனால் பெண்ணைக் கணவனின் உடைமையாகக் கருதும் சட்டத்துக்கு இக்கூறு அரணாகாது. பிறன்மனை உறவு குறித்த தண்டனைச் சட்டப் பிரிவை இதே கூறைக் காட்டி 1954இல் நிலைநிறுத்திய உச்ச நீதிமன்றம், 2018இல் அப்பிரிவையே செல்லாது என்று அறிவித்தது.

கேள்வி: எனக்கு 1985இல் திருமணம் ஆயிற்று, அப்பா 2003இல் காலமானார். பூர்வீக நிலத்தில் எனக்குப் பங்கில்லை என்று சொல்லும் அண்ணன்மார், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். என்ன செய்வது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, உடனே கையெழுத்திட்டுவிடாதீர்கள். விடுதலைப் பத்திரம் என்பது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது; பங்கே இல்லாதவரிடம் எவரும் அதைக் கேட்பதில்லை. நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்று கொண்டு சொல்கிறேன். தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்த திருத்தம் மகளுக்கு மகனுக்கு நிகரான பிறப்புரிமையை வழங்கியபோதிலும், அவ்வாண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களை விலக்கி வைத்தது. உங்கள் அண்ணன்மார் மனத்தில் இருப்பது அநேகமாக இதுதான். 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்றும், மகளின் உரிமை பிறப்பாலேயே வருவது என்றும் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆயினும் 2004 டிசம்பர் 20க்கு முன்பே நிலம் விற்கப்பட்டிருந்தாலோ, பதிவு செய்த பத்திரம் அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை மூலம் பாகப்பிரிவினை ஆகியிருந்தாலோ அதை மாற்ற இயலாது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்ற பேச்சை மட்டும் நீதிமன்றம் எளிதில் ஏற்பதில்லை. ஆகவே முதல் வேலையாகப் பட்டா நகலையும் வில்லங்கச் சான்றையும் வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: கருவுற்றதும் வேலையை விட்டு விலகச் சொல்கிறது நான் பணிபுரியும் தனியார் நிறுவனம். அரசியலமைப்பு எனக்குத் துணை நிற்குமா? (வாசகி, கோவை)

பதில்: வேலைவாய்ப்பில் சமத்துவம் பேசும் உறுப்புகள் அரசையே கட்டுப்படுத்துகின்றன, தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்துவது 42ஆவது உறுப்பு வலியுறுத்தும் மகப்பேறு உதவிக்கான சட்டமே. பேறுகாலத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை செய்திருந்தால், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் வரை ஊதியத்துடன் விடுப்பு உண்டு. அவ்விடுப்பைக் காரணம் காட்டி நீக்குவது சட்டவிரோதம். நீங்களாக விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் வழக்கு வலுவிழக்கும் என்பதால், விடுப்பு அறிவிப்பை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலையும் வாங்கி வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊராட்சித் தலைவியின் இருக்கையில் அவருடைய கணவர் அமர்ந்து கூட்டம் நடத்துகிறார். இது முறையா? (வாசகர், விருதுநகர்)

பதில்: முறையன்று. அரசியலமைப்பின் 243-ஈ உறுப்பின்படி ஊராட்சிகளில் பெண்களுக்கு வந்த இடஒதுக்கீடு, தமிழ்நாட்டில் 2016 முதல் 50 விழுக்காடாக உள்ளது. தலைவியின் கணவருக்குச் சட்டம் எந்தப் பதவியும் தரவில்லை. கிராம சபையில் இதை எழுப்புங்கள், மாவட்ட ஆட்சியருக்கும் எழுதுங்கள். அந்தப் புகார் தலைவியைப் பதவியிலிருந்து இறக்கக் கோருவதாக அல்லாமல், அவரை அவருடைய இருக்கையில் அமர்த்தக் கோருவதாக இருக்கட்டும்.