எண்ணெய் கசிந்த வயலுக்கு மூட்டைப் பாக்டீரியா வேண்டாம்

கேள்வி: எங்கள் வயலோரமாகக் கச்சா எண்ணெய்க் குழாய் போகிறது. சம்பா அறுவடை முடிந்த சில நாட்களில் குழாய் கசிந்து, ஏறத்தாழ ஒரு மா நிலத்தில் (ஏக்கரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு) எண்ணெய் பரவிவிட்டது. நிறுவனத்தினர் குழாயை அடைத்து, மேலே தேங்கிக் கிடந்த எண்ணெயை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது ஒருவர் வந்து, "எண்ணெய் தின்னும் பாக்டீரியா பொடி தருகிறேன், தூவித் தண்ணீர் கட்டுங்கள், பதினைந்து நாளில் மண் சுத்தமாகிவிடும்" என்கிறார். விலை அதிகம். வாங்கலாமா? குறுவை நடலாமா? (திருவாரூர் மாவட்ட விவசாயி ஒருவர்)

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள்.

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அந்தப் பொடி விலைபோகிறது. கச்சா எண்ணெயைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ், அசினெட்டோபாக்டர் எனப் பல இனங்கள். சில பூஞ்சைகளும் சேரும். ஆனால் அவை மூட்டையில் வந்து இறங்க வேண்டியதில்லை, உங்கள் வயலிலேயே இருக்கின்றன. இலைகளின் மேலுள்ள மெழுகில் இருப்பதும் எண்ணெயில் இருப்பதைப் போன்ற ஹைட்ரோகார்பன்தான். தலைமுறை தலைமுறையாகச் சருகு விழுந்து மட்கிய மண்ணுக்கு அதைச் செரிக்கத் தெரியும். எண்ணெய் பட்டதும் அதைத் தின்னத் தெரிந்த பாக்டீரியாக்கள் சில வாரங்களுக்குள் பல மடங்கு பெருகிவிடும். நீங்கள் கூப்பிடாமலே அந்த வேலை தொடங்கிவிட்டது.

பிறகு ஏன் மண் இன்னும் கறுத்துக் கிடக்கிறது? பாக்டீரியா குறைவு என்பதால் அல்ல. அவற்றுக்கு மூச்சுவிடக் காற்று இல்லை, தழைச்சத்தும் மணிச்சத்தும் இல்லை.

எண்ணெயின் மூலக்கூறு என்பது நீளமான கரிமச் சங்கிலி. பாக்டீரியா அதன் நுனியில் முதலில் ஓர் ஆக்சிஜன் அணுவை ஒட்டுகிறது. அப்படி ஒட்டிய பிறகுதான் அது கொழுப்பு அமிலமாக மாறும். பின்னர் இரண்டிரண்டு கரிம அணுக்களாக நறுக்கித் தின்று, கடைசியில் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் வெளியே விடுகிறது. ஒரு கிலோ எண்ணெயை முழுக்கச் செரிக்க ஏறத்தாழ மூன்றரைக் கிலோ ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏழு, எட்டு மில்லிகிராம்தான். ஆக, ஒரு கிலோ எண்ணெய்க்கு நாலரை லட்சம் லிட்டர் தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தேவை. அதே ஆக்சிஜன் ஏறத்தாழ பதின்மூன்று கன மீட்டர் காற்றில் கிடைத்துவிடும். இப்போது அந்த மனிதர் சொன்னதை மறுபடி பாருங்கள். தூவிவிட்டுத் தண்ணீர் கட்டச் சொல்கிறார்! தண்ணீர் கட்டிய வயலில் மேல்மண்ணின் மெல்லிய படலத்துக்குக் கீழே காற்று கிடையாது. அங்கே எண்ணெய் சிதைவது மிக மிக மெதுவாகத்தான் நடக்கும். பொடி விற்க வருபவர் தண்ணீர் கட்டச் சொன்னால், அவருக்கு இந்தத் தொழில் தெரியாது என்று அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம்.

இந்தத் தரகர்கள் காட்டும் வித்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் எங்கே குழாய் கசிந்தாலும் மறுவாரம் வந்து நிற்கிறார்கள். முதலாவது, பாட்டில் வித்தை. பாட்டிலில் தண்ணீரும் எண்ணெயும் ஊற்றிப் பொடியைப் போட்டுக் குலுக்குவார்கள். ஐந்து நிமிடத்தில் எண்ணெய் மறைந்துவிடும். ஐந்து நிமிடத்தில் எந்தப் பாக்டீரியாவும் எண்ணெயைத் தின்றுவிடாது. பொடியில் கலந்திருக்கும் சோப்புச் சரக்கு எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீருக்குள் ஒளித்துவைக்கிறது. உங்கள் வயலில் இதைச் செய்தால் மேலே கிடக்கும் எண்ணெய் கீழே இறங்கும், கிணற்றை நோக்கி நகரும். இரண்டாவது, மூக்கை ஏமாற்றுவது. நரிமணம் பகுதிக் கச்சா எண்ணெய் இலேசான வகை. மேலாகக் கிடந்த எண்ணெயில் கணிசமான பங்கு முதல் சில நாட்களில் வெயிலுக்கே ஆவியாகிவிடும், வாசனையும் குறைந்துவிடும். பொடி தூவாத வயலிலும் இதுதான் நடக்கும். ஆனால் பெயர் பொடிக்குப் போகிறது.

மூன்றாவது, "நம் நாட்டு விஞ்ஞானி கண்டுபிடித்தது" என்ற பேச்சு. ஆனந்த மோகன் சக்கரவர்த்தி அமெரிக்காவில் அப்படியொரு பாக்டீரியாவை உருவாக்கியதும், உயிருள்ள பொருளுக்கும் காப்புரிமை தரலாம் என்று 1980இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் உண்மை. அது சட்ட வரலாற்றில் பெரிய தீர்ப்பு. ஆனால் அந்தப் பாக்டீரியா எந்த எண்ணெய்க் கசிவையும் துடைக்கக் களத்தில் இறக்கப்படவில்லை. களத்தில் நடந்த சோதனை என்ன சொல்கிறது? 1989 மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி ஏறத்தாழ 4 கோடி லிட்டர் எண்ணெய் கொட்டியது. அங்கே கரையோரக் கற்களின் மீது உரம் தெளித்தார்கள். ஏற்கெனவே இருந்த பாக்டீரியாக்களே வேகமெடுத்தன. அடுத்த ஆண்டு, கடையில் விற்ற இரண்டு பாக்டீரியாச் சரக்குகளை அதே கரையில் போட்டுப் பார்த்தார்கள். போட்ட இடத்துக்கும் போடாத இடத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

சுத்திகரிப்பு ஆலைகளின் கசடுக் குழிகளில் பாக்டீரியாக் கலவையைப் பயன்படுத்துகிறார்களே என்று கேட்பீர்கள். அங்கே உழவும் உரமும் மாதந்தோறும் சோதனையும் சேர்ந்தே நடக்கின்றன. உங்களிடம் விற்க வருபவர் மூட்டையை மட்டும் இறக்கிவிட்டுப் போய்விடுவார்.

நீங்கள் செய்ய வேண்டியது எரு மட்கவைக்கும் வேலை மாதிரிதான்: கிளறு, ஈரம் காட்டு, சத்துக் கொடு, காத்திரு. முதலில் சுற்றிலும் வரப்பைக் கட்டிவிடுங்கள். மழை வந்தால் எண்ணெய் வாய்க்காலுக்குப் போகக் கூடாது. எங்காவது எண்ணெய் இன்னும் தேங்கியிருந்தால் வைக்கோலில் ஒற்றியெடுத்து, அந்த வைக்கோலை நிறுவனத்தையே எடுத்துப்போகச் சொல்லுங்கள். கொளுத்தாதீர்கள், கொளுத்தினால் தார் மிஞ்சும், மண்ணும் வெந்துபோகும். வாசனை அடங்கிய பிறகு கொத்துக்கலப்பையால் புழுதி உழவு போடுங்கள், பதினைந்து சென்டிமீட்டர் ஆழம் போதும். பிறகு வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாகி, விட்டால் உதிரும் பதத்துக்கு ஈரம் இருக்கட்டும். நறுக்கிய வைக்கோலோ தொழுவுரமோ கலந்தால் களிமண் இளகும்.

உரக் கணக்கு: ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏட்டுக் கணக்குப்படி 180 கிராம் யூரியா. இறந்த பாக்டீரியாவின் தழைச்சத்தை அடுத்த தலைமுறை எடுத்துக்கொள்ளும் என்பதால் அதில் பாதி போதும். ஒரே நாளில் கொட்டினால் பாக்டீரியாவையே கொன்றுவிடும். ஒரு மாவுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 15 முதல் 20 கிலோ, மண்ணோடு கலந்து உழுதுவிடுங்கள். முதல் உழவிலேயே ஒரு மூட்டை சூப்பர் பாஸ்பேட். இந்தச் செலவை, மொத்தத்தையும், நிறுவனம்தான் ஏற்க வேண்டும். ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது. யாரும் சொல்லாமல் விடுவது இதைத்தான் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எண்ணெய்க் கிணற்றிலிருந்து எண்ணெய் தனியாக வருவதில்லை, பூமிக்கடியிலுள்ள உப்புநீரும் சேர்ந்தே வருகிறது. எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் நிலையத்துக்குப் போகும் முன் கசிந்த குழாய் என்றால் உங்கள் வயலில் எண்ணெயோடு உப்பும் இறங்கியிருக்கும். உலகத்தில் எந்தப் பாக்டீரியாவும் உப்பைத் தின்னாது. எண்ணெய் முழுக்கச் சிதைந்த பிறகும் நாற்று கருகுகிற வயல்களில் குற்றவாளி பெரும்பாலும் இந்த உப்புதான். மண் காயும்போது வெள்ளைப் பூப்பு தெரிகிறதா, கறுத்த இடத்தைத் தாண்டியும் புல் பட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். மண் பரிசோதனை நிலையத்தில் மின்கடத்துதிறன் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டருக்கு ஒரு டெசிசீமன்ஸுக்குக் கீழ் என்றால் கவலை இல்லை. மூன்றைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்குக் கேடு. அப்படி இருந்தால் கோடை முழுதும் உழவைத் தொடருங்கள், யூரியாவை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதுவும் உப்புச் சுமையைக் கூட்டும். நிலையத்தில் சொல்லும் அளவுக்கு ஜிப்சம் இட்டு வைத்து, ஆற்றுத் தண்ணீர் வந்ததும் தேக்கி வடிக்க வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைக் கொண்டு கழுவாதீர்கள். வடியும் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகாமல் வடிகாலுக்குப் போக வழி செய்யுங்கள், அதுவும் எண்ணெய்ப் படலம் தெரியாத தண்ணீராக இருந்தால் மட்டும். உப்பு உண்டா இல்லையா என்று தெரியாமல் எண்ணெயோடு மட்டும் மல்லுக்கட்டினால் ஒரு வருட உழைப்பு வீண்.

எண்ணெயில் எல்லாம் ஒரே வேகத்தில் போகாது. நேர்ச் சங்கிலிகள் சில வாரங்களில் போகும், வளைய மூலக்கூறுகளுக்கு மாதங்கள் ஆகும். தார்ச் சரக்கு ஏறக்குறைய அப்படியே தங்கிவிடும். அது மண்ணோடு ஒட்டிக்கிடக்கும். கொஞ்சமாக இருந்தால் பயிருக்குப் பெரிய தீங்கு இல்லை.

இனி காகித விஷயம். கசிவு நடந்த அன்றே மண் மாதிரி எடுத்திருக்க வேண்டியது அதிகாரிகளின் வேலை. வருவாய்த் துறை வேளாண் துறையைக் கைகாட்டும், வேளாண் துறை மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தைக் கைகாட்டும், அதற்குள் மண் உழப்பட்டுவிடும். மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் உப்பையும் சத்துகளையும் பார்ப்பார்கள், எண்ணெயைப் பார்க்க மாட்டார்கள். எண்ணெய்க் குழாய்கள் ஓடுகிற மாவட்டத்தில் எண்ணெயைச் சோதிக்க விவசாயி தன் காசில் தனியார் ஆய்வகத்தைத் தேட வேண்டியிருப்பது என்ன நியாயம்? 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டக் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்தபோது, போராடிய ஊர்மக்கள் மீது கைதும் வழக்கும் எவ்வளவு விரைவாக வந்தன என்பதை டெல்டா மறக்கவில்லை. அந்த விரைவில் பாதி மண் மாதிரி எடுப்பதில் இருந்திருக்கலாம். 2020இல் டெல்டாவில் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. ஏற்கெனவே ஓடும் கிணறுகளையும் குழாய்களையும் அது தொடவில்லை.

ஆகவே முதல் உழவுக்கு முன்பே நீங்களே எடுத்துவிடுங்கள். கறுத்த இடத்தில் மேல் பதினைந்து சென்டிமீட்டரிலும் அடுத்த பதினைந்திலும் தனித்தனியாக. கூடவே எண்ணெய் படாத பக்கத்து வயலிலும் ஒன்று. பிளாஸ்டிக் பையில் வேண்டாம், கண்ணாடிக் குப்பியில் நிரப்பி ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். 'மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்' சோதனை என்று கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரும் நிறுவனத்தாரும் பார்க்க எடுத்துக் கையொப்பம் வாங்கினால் நல்லது. வர மறுத்தால் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். "முழு இழப்பீடும் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை இல்லை" என்ற பத்திரத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். அதைக் கொண்டுவருபவரும் பொடி விற்பவரும் சில ஊர்களில் ஒரே தரகர்தான். "மண்ணை அள்ளிவிட்டுப் புதுமண் அடித்துத் தருகிறேன்" என்று வரும் ஒப்பந்தக்காரரிடமும் கவனமாக இருங்கள். வண்டல் போகும், கிராவல் வரும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. இழப்பீடு கேட்டுச் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக ஐந்து ஆண்டு அவகாசம் இருக்கிறது.

குறுவை? அந்த ஒரு மாவில் இந்த முறை வேண்டாம். தண்ணீர் கட்டினால் நடந்துகொண்டிருக்கும் வேலை நின்றுபோகும். ஆடியில் அந்த மண்ணை ஒரு சட்டியிலும் பக்கத்து வயல் மண்ணை இன்னொரு சட்டியிலும் எடுத்து, இரண்டிலும் பச்சைப்பயறு போட்டுப் பாருங்கள். முளைப்பும் வேரும் இரண்டிலும் ஒன்றுபோல இருந்து, சோதனை எண்ணும் நன்றாகக் குறைந்திருந்தால் சம்பாவுக்குப் போகலாம். விட்டுவிடும் குறுவையின் விளைச்சலையும் விலை போட்டு இழப்பீட்டு மனுவில் சேருங்கள்.