பெட்ரோல் போடும்போது கார் பெயிண்டில் சிந்தினால் கறை விழுமா? மூடியை எங்கே வைப்பது?

உடனே பார்த்தால் விழாது, விட்டால் விழும். வெள்ளை வண்டி, சிந்தி மூன்று நாள் ஆகிறது, மூடிக்குக் கீழே வெளிர் மஞ்சளாக ஒரு கோடு தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோடு பெரும்பாலும் போய்விடும், பயப்பட வேண்டாம். எனக்குப் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னுடையது கருநீல ஸ்விஃப்ட். 2019-ல் பார்க்கிங் தூணில் உரசி, பின் கதவுக்கு அடுத்த பக்கத் தகடு முழுக்க டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்தோம். வண்டியைக் கொடுக்கும்போதே பெயின்டர் அண்ணன் சொன்னார்: “தம்பி, ஒரு மாசத்துக்கு பாலிஷ் கீலிஷ் ஒண்ணும் போட்டுறாதீங்க. மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள இன்னும் காயணும்.” கம்பெனியில் வெறும் பாடியை மட்டும் 140 டிகிரி அளவுக்குச் சூடேற்றிப் பெயிண்டைக் காய வைப்பார்கள். ஓடுகிற வண்டியில் ரப்பர், பிளாஸ்டிக், ஒயர் எல்லாம் இருப்பதால் ஒர்க்‌ஷாப்பில் 60 டிகிரி வைப்பதே அதிகம். அதனால் புதிதாக அடித்த பெயிண்ட் சில வாரங்களுக்கு இளசாகவே இருக்கும். பெட்ரோல் அதில் பட்டால் ஊறும்.

மூன்றாவது வாரம் அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அம்மாவுக்கு அப்போது 68 வயது. நான்குவழிச் சாலையில் ஒரு பங்கில் நிறுத்தினேன். வழக்கமாக மூடிப் பக்கத்திலேயே நிற்பவன் நான். அன்று நிற்க முடியவில்லை. கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று ஆபீஸ் ரூமுக்கும் காற்றடிக்கும் இடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

இதைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. பங்க் கழிப்பறை வருகிறவர்களுக்கு இலவசமாகத் திறந்திருக்க வேண்டும். குடிதண்ணீர், காற்று மாதிரி அதுவும் அவர்கள் தந்தே ஆக வேண்டிய வசதி. அங்கே போர்டும் இருந்தது, பூட்டும் இருந்தது. சர்க்கரை நோய் உள்ள ஒரு வயதான பொம்பளை, சேலையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் கதவு முன்னால் நிற்கிறார். “சாவி மேனேஜர்ட்ட இருக்கு, அவர் சாப்பிடப் போயிருக்கார்” என்கிறார்கள். பெயிண்ட் கூட எனக்கு இரண்டாம் பட்சம்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சரி, பெயிண்டுக்கு வருகிறேன். நான் திரும்பி வருவதற்குள் 1,940 ரூபாயில் ஆட்டோ கட் ஆகி, பெட்ரோல் தானாக நின்றிருக்கிறது. “ரவுண்டா ரெண்டாயிரம் போட்டுடட்டுமா?” என்று பெட்ரோல் போடும் தம்பி கேட்க, முன் சீட்டில் இருந்த மச்சான் “போடுப்பா” என்றுவிட்டார். பெட்ரோல் ஊற்றும் குழாயின் வாயில் இருக்கும் நாசில் முனையில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. பெட்ரோல் ஏறி அந்த ஓட்டையை அடைத்தால் காற்று நின்று விசை தானாக விடுபடும். அப்படி நின்றாலே பெட்ரோல் வாய் வரை வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அமுக்கியதில் குபுக்கென்று வெளியே வந்து, புதுப் பெயிண்ட் மேல் மூன்று கோடாக வழிந்திருந்தது. அந்தத் தம்பி பதறிப்போய், தூசி படிந்த மஞ்சள் துணியால் அழுத்தித் தேய்த்துவிட்டார். வெயிலில் சாய்ந்து பார்த்தால் இப்போதும் தெரியும்: பளபளப்பு செத்துப்போன மூன்று கோடுகள், அவற்றின் குறுக்கே மெல்லிய சுழிச் சுழிக் கீறல்கள்.

பங்கில் வேலை செய்கிறவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நாள் முழுக்க நின்று, அந்த வாடையைச் சுவாசித்து வேலை பார்க்கிறார்கள். ரவுண்டாகப் போடச் சொன்னதும் எங்கள் வீட்டு ஆள்தான். “வண்டி ஓட்டத்தானே, பொத்தி வைக்கவா?” என்றும் சிலர் கேட்பீர்கள். ஐந்து வருஷம் தவணை கட்டி வாங்கிய வண்டி, பார்த்துப் பார்த்துத்தான் வைத்துக்கொள்வேன்.

நான் இப்போது செய்வது இதுதான். பெட்ரோல் மீட்டர் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறி மூடி எந்தப் பக்கம் என்று காட்டும். அந்தப் பக்கம் மெஷினை ஒட்டி நிற்கிற மாதிரி நிறுத்துகிறேன். இல்லாவிட்டால் பெட்ரோல் வரும் ரப்பர் குழாயை டிக்கி மேல் இழுத்துப் போடுவார்கள், அதன் இரும்புக் கழுத்து உரசும். இறங்கி, மூடியை நானே கழற்றுகிறேன். நிறைய வண்டிகளில் வெளிக்கதவின் உள்பக்கம் மூடியை மாட்ட ஒரு கொக்கியோ பள்ளமோ இருக்கும். மூடியோடு இணைந்திருக்கும் வாரில் சும்மா தொங்கவிட்டால் மூடி ஆடி ஆடி, அதற்குக் கீழே பெயிண்டில் பிறை மாதிரி ஒரு கீறல் விழும். பழைய வண்டிகளில் குனிந்து பாருங்கள், பலவற்றில் அந்தக் கீறல் இருக்கும். டிக்கி மேலோ கூரை மேலோ வைக்க விடவே கூடாது. மூடியின் உள்பக்கம் ஈரமாக இருக்கும், மறந்து கிளம்பிவிட்டால் மூடியும் போச்சு. ஆட்டோ கட் ஆனதும் “போதும் தம்பி, கொஞ்சம் வடியட்டும்” என்று சொல்லி ஐந்தாறு நொடி விட்டு, நாசில் வாயை மேலே தூக்கியபடி எடுக்கச் சொல்கிறேன். வாய்க்குக் கீழே ஒரு மைக்ரோஃபைபர் துணியைப் பிடித்துக்கொள்வேன்.

சிந்திவிட்டால் தேய்க்காதீர்கள். துணியை மேலே வைத்து ஒற்றி எடுத்துவிட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். காரில் எப்போதும் ஒரு லிட்டர் பாட்டில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து ஷாம்பூ போட்டுக் கழுவி, அந்த இடத்தில் மட்டும் வேக்ஸ் (பெயிண்டுக்குப் பூசும் மெழுகு) போடுங்கள். இருந்த வேக்ஸைப் பெட்ரோல் கரைத்திருக்கும். டீசலாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அது சீக்கிரம் ஆவியாகாது, எண்ணெயாக ஒட்டிக்கொண்டு புழுதியைச் சேர்க்கும். நனைந்த துணியை மட்டும் டிக்கிக்குள் போட்டு மூடிவிடாதீர்கள். அதிலிருந்து வரும் ஆவி தீப்பிடிக்கும்.

உங்கள் மூன்று நாள் கோட்டுக்கு, முதலில் ஷாம்பூ. போகாவிட்டால் கையாலேயே லேசாக பாலிஷ் போட்டுப் பாருங்கள். மெஷின் வேண்டாம். அப்படியும் போகாமல், விரலால் தடவினால் சொரசொரப்பாக இருந்தால் நல்ல பெயின்டரிடம் காட்டுங்கள். அந்த இடம் முன்பே ஒரு தடவை ரீபெயிண்ட் ஆனதா என்று அவரிடம் கேளுங்கள்.