பயணக் கண்காட்சித் தயாரிப்புக்கு மாறலாமா?

வணக்கம். இசை நிகழ்ச்சிகளை ஊர் ஊராகக் கொண்டுசென்ற அனுபவத்தோடு லண்டனில், பல ஊர்களுக்குச் செல்லும் அருங்காட்சியகப் பயணக் கண்காட்சிகளின் தயாரிப்பாளராக மாற விரும்புகிறீர்கள். கலை வரலாற்றுப் பட்டம் இல்லாதது தடையா என்று கேட்டிருக்கிறீர்கள். தடையில்லை என்றே நினைக்கிறேன். லாரி, அரங்கம், வரவுசெலவு எல்லாம் உங்களுக்கு அத்துபடி. பழக வேண்டியது, காட்சிப்பொருள் எவ்வளவு எளிதில் கெடும் என்பதுதான். அதற்கு, கடன் வாங்கும் பொருள்களைக் கவனிக்கும் பதிவாளர் பிரிவில் முதலில் சேருங்கள். அங்கே, பொருள் இருக்கும் பெட்டி வந்ததும் திறக்க மாட்டார்கள். பெரும்பாலும் 24 மணி நேரம் அறைச் சூழலுக்குப் பழகவிடுவார்கள். திறந்ததும் ஒவ்வொரு கீறலையும் படத்தோடு குறித்துக்கொள்வார்கள். பழைய காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) ஒளிதான். மேடை விளக்குக்குப் பழகிய கண்ணுக்கு அது இருட்டாகவே தெரியும்!

காப்பீட்டையும் ஆழமாகப் படியுங்கள். பெரிய கண்காட்சிகள் நடப்பதும் நின்றுபோவதும் பல நேரங்களில் இதனால்தான். கடன் வாங்கிய காட்சிப்பொருள் சேதமானால் இழப்பீட்டுக்கு அரசே பொறுப்பேற்கும் சட்டத்தை அமெரிக்கா 1975இல் இயற்றியது. பிரிட்டனிலும் அத்தகைய திட்டம் இருக்கிறது. பாதுகாப்பு நிபந்தனைகளை நிறைவேற்றாத அரங்குக்கு அது கிடைக்காது.

விண்ணப்பத்தில் கலை ஆர்வத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுத வேண்டாம். எத்தனை ஊர்கள், எவ்வளவு செலவு, சரக்கு தாமதமானபோது என்ன செய்தீர்கள் என்பதை எழுதுங்கள்.