ஹைபிரிட் ராக்கெட் பாதுகாப்பானது, மலிவானது என்கிறார்கள். அப்புறம் ஏன் செயற்கைக்கோள் ஏவ அதைப் பயன்படுத்துவதில்லை?

கடைசி வருட ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் இதில் மாட்டினேன்.

ஹைபிரிட் என்றால் எரிபொருள் திடம், அதை எரிக்க ஆக்சிஜன் தரும் ஆக்சிடைசர் திரவம். வால்வை மூடினால் அணைந்துவிடும். பாதுகாப்பு என்று சொல்வது பொய்யில்லை. 1989-ல் அமெரிக்காவின் அம்ராக் நிறுவனம் செய்த ஹைபிரிட் ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் வால்வு சரியாகத் திறக்கவில்லை. ஏவுதளத்திலேயே எரிந்து சாய்ந்தது, ஆனால் வெடிக்கவில்லை.

வம்பு எரியும் வேகத்தில்தான். ரப்பர் எரிபொருள் நொடிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் கரையும். பெரிய உந்துவிசை வேண்டுமென்றால் எரியும் பரப்பு கூட வேண்டும், அதற்கு எரிபொருளுக்குள் பல துளைகள் போடுவார்கள். துளைகளுக்கு நடுவே உள்ள சுவர் மெலிந்து, கடைசியில் எரியாமலே பிய்ந்து வெளியே போகும்.

பாரஃபின் மெழுகு 3, 4 மடங்கு வேகமாகக் கரையும். மேற்பரப்பு உருகுகிறது, வாயு ஓட்டம் அதைத் துளித்துளியாகப் பிய்த்துக்கொண்டு போகிறது. எங்கள் குழு பிடித்தது இதைத்தான். சோதனை முடிந்ததும் மோட்டாரை நீளவாக்கில் அறுத்தோம். ஒரு பக்கம் மோட்டார் சுவரின் உள்ளுறை தெரியும் வரை கரைந்திருந்தது. எதிர்ப்பக்கம் விரல் தடிமனுக்கு மெழுகு அப்படியே இருந்தது. விண்வெளிக்குப் போகும்போது அந்த மிச்சமெல்லாம் தண்டச் சுமை. துளை அகலமாக அகலமாக எரிபொருளும் ஆக்சிடைசரும் கலக்கும் விகிதமும் மாறிக்கொண்டே போகும்.

"மெழுகுவர்த்தியை வைத்தா ராக்கெட்?" என்று மதிப்பாய்வில் சிரித்தவரின் பெயர்தான் பிறகு எங்கள் கட்டுரையில் முதலில் வந்தது. ராத்திரி உட்கார்ந்து டெஸ்ட் ஸ்டாண்டை வெல்டிங் செய்துகொடுத்த ஒர்க்‌ஷாப் அண்ணன் பெயர் நன்றி வரியில்கூட இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, "2004-லேயே ஹைபிரிட் மோட்டாரில் ஸ்பேஸ்ஷிப்ஒன் என்ற தனியார் விண்கலம் பறந்ததே" என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். பறந்தது, மறுக்கவில்லை. அது 100 கிலோமீட்டர் உயரம் தொட்டுவிட்டுத் திரும்பியது, ஒலியைப் போல 3 மடங்கு வேகத்தில். சுற்றுப்பாதையில் நிற்க நொடிக்கு ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அங்கே ஒவ்வொரு கிலோ மிச்சமும் கணக்கு. ஹைபிரிட் முதல் கட்டத்தோடு 2025 ஜூலையில் கிளம்பிய ஆஸ்திரேலியாவின் எரிஸ் ராக்கெட் சுமார் 14 நொடிதான் பறந்தது. அதற்காக இது உதவாத தொழில்நுட்பம் என்று நான் சொல்லவில்லை, சோதனை ராக்கெட்டுகளுக்கு அருமையானது.

ப்ராஜெக்டாக எடுங்கள், தாராளமாக. ஆனால் ஆக்சிடைசராக நைட்ரஸ் ஆக்சைடு வாங்கினால் அந்த "பாதுகாப்பானது" என்ற பேச்சை நம்பி அலட்சியமாக இருக்காதீர்கள். 2007-ல் அமெரிக்காவின் மொஹாவியில் மூன்று பேர் இறந்தது மோட்டாரைப் பற்றவைத்தபோது அல்ல. நைட்ரஸைச் சும்மா ஓடவிட்டுப் பார்த்த சோதனையில். அந்த மாதிரிச் சோதனையின்போதும் எல்லோரும் தடுப்புச் சுவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், உங்கள் கைடு உட்பட.