தில்லை எங்கே போயிற்று? கேள்வி பதில்

கேள்வி: சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த செடியை ஊரைச் சுற்றி எங்கும் காண முடியவில்லையே, ஏன்?

பதில்: ஊர் இன்று கடலிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது, சுற்றிலும் காவிரிக் கடைமடையின் நெல்வயல்கள். தில்லையோ கடல்நீர் வந்து வடியும் கழிக்கரைக்கு உரியது. முண்டகம் என்ற கடற்கரைச் செடியோடு சேர்ந்து அது கானலின், அதாவது கடற்கரைச் சோலையின், மணல்மேட்டை அணிசெய்வதைக் கலித்தொகையின் 133ஆம் பாடலே காட்டுகிறது. உப்பு இல்லாவிட்டால் அது பட்டுப்போகும் என்று பலர் எண்ணுவது சரியன்று. உப்பு குறைந்த மண்ணிலும் அது வளரும். ஆனால் அங்கே விரைந்து தழைக்கும் மற்றச் செடிகளோடு போட்டியிட அதனால் இயலாது என்பதால், காடு திருத்தப்பட்டு வயலாகவும் மனையாகவும் மாறிய, ஓதநீர் (கடல் ஏற்றத்தில் ஏறிவரும் நீர்) எட்டாத நிலத்தில் அது தானாக மீண்டு வருவதில்லை. நடராசர் கோயிலின் தலமரம் என்ற சிறப்பு மட்டும் இன்னும் அதற்கு உண்டு.

கேள்வி: சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டில் படகில் செல்லும்போது தெரியும், வேர்களை ஊன்றி நிற்கும் மரம் அதுதானா?

பதில்: அன்று, அது சுரபுன்னை. தில்லையின் வேர்கள் தரைமேல் பாம்புபோல் வளைந்து பரவும். உதிருமுன் இலைகள் சிவப்பது தொலைவிலிருந்தே தெரியும் அடையாளம்.

கேள்வி: அதன் பால் கண்ணைக் குருடாக்கிவிடுமா?

பதில்: கண்ணில் பட்டால் கடும் எரிச்சலோடு தற்காலிகப் பார்வையிழப்பும் ஏற்படலாம்; நிறைய நல்ல தண்ணீரால் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். எக்ஸ்கோகேரியா என்ற தாவரவியல் பெயரே குருடாக்குதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

கேள்வி: எங்கள் பள்ளி வளாகத்தில் ஒரு கன்று நடலாமா?

பதில்: பிள்ளைகள் புழங்கும் இடத்தில் வேண்டாம். ஆண், பெண் செடிகள் தனித்தனியானவை என்பதால் ஒற்றைக் கன்று விதையும் தராது.

கேள்வி: பிச்சாவரக் காட்டை மீட்டதைப்போல் இதையும் மீட்க முடியாதா?

பதில்: அங்கே ஆங்கிலேயர் காலந்தொட்டுக் காட்டைத் தொகுதி தொகுதியாக முற்றாக வெட்டியதால், வெயிலில் காய்ந்த மண் தாழ்ந்து குழியாகி, தேங்கிய கடல்நீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறிக்கொண்டே போயிற்று. வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் 1990களில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதம் வந்து வடியச் செய்து, பெரும்பாலும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தை நட்டன. தில்லைக்கு ஏற்றது நாள்தோறும் மூழ்கும் அந்தத் தாழ்சேறன்று. காட்டின் நிலப்பக்க விளிம்பு, அதாவது வயலும் இறால் பண்ணையும் முதலில் கைவைக்கும் மேட்டுக்கரை. அந்த விளிம்பு இன்னும் எஞ்சியிருக்கும் இடங்களில் ஆண், பெண் இரண்டும் கலந்து வரும்படி நிறையக் கன்றுகளை நட்டால் பயன் உண்டு.